கைத்தடியில் ஏறிய ஜப்பான் கண்ணாடி

அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் பூதம் என்பார்கள். ஆள் என்னவோ ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பழைய கேமரா, பைனாகுலர், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் எல்லாம் வாங்கி, பழுது பார்த்து, விற்கிற தொழில். விற்கிற என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. நல்ல பொருள் ஏதாவது கைக்கு வந்துவிட்டால் அதை விற்க அவருக்கு மனசே வராது. யாராவது விலை கேட்டால், "அதுல ஒரு சின்னக் கோளாறு இருக்குங்க" என்று முணுமுணுத்தபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். கடையின் வலது பக்கம் அவருடையது. இடது பக்கத்தில் அவர் மனைவி மூக்குக்கண்ணாடி விற்றாள். குடும்பம் ஓடியது இடது பக்கத்தால்தான்.

அந்த மனைவிக்கு ஒரு தம்பி. மெத்தைக் கடை வைத்திருந்தான். தங்கமான பையன், ஆனால் ஏலம் போடுகிற இடத்துக்கு மட்டும் அவனை அனுப்பக்கூடாது. அவன் கை அவனைக் கேட்காமலே மேலே போய்விடும். இப்படித்தான் ஒரு தடவை இடது கால் ஷூக்களாக ஒரு மூட்டை வாங்கி வந்தான். இன்னொரு தடவை, சத்தம் வராத பியானோ. அதை இன்னும் மெத்தை உறைகள் காயப்போட வைத்திருக்கிறான்.

ஒரு நாள் காலையில் அந்த மைத்துனன் ஒரு மரப்பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தான். முகத்தில் அந்த ஏலச் சிரிப்பு.

"அத்தான், கண்ண மூடுங்க."

"மூடினா நான் எப்படி மச்சான் பாக்கறது?"

"சரி, தொறந்தே வெச்சுக்கங்க. ஜப்பான்! மூணும் ஜப்பான்! அந்தக் காலத்து ஸ்கோப். எவ்வளவு போகும்னு மட்டும் சொல்லுங்க, நான் கடையை மூடிட்டு உலகம் சுத்தக் கிளம்பறேன்."

"ஜப்பான்னு எழுதியிருந்தா போதுமா? அந்தக் காலத்துல அங்க ஒரே தெருவுல நல்லதும் பண்ணுவான், பக்கத்துப் பட்டறையில குப்பையும் பண்ணுவான். வேற நாட்டுக்காரன் வாங்கி அவன் பேரைப் போட்டு விப்பான். பேரப் பாத்து மதிப்புப் போட்டா நடுத்தெருவுலதான் நிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்." சொல்லச் சொல்லப் பூதத்தின் குரலில் கனம் ஏறியது. இந்தப் பேச்சைக் கேட்க அவருக்கு ஆள் கிடைப்பது அபூர்வம்.

பெட்டிக்குள் மூன்று ஸ்கோப்புகள் இருந்தன. முதலாவது பார்க்க ஆள் அசத்தியது. முன்னால் சோற்றுக் கரண்டி அகலத்துக்கு லென்ஸ், நடுவில் தங்க நிற வளையம், திருகினால் ஒன்பது மடங்கு வரை பெரிதாகக் காட்டும் என்று எழுத்து. பூதம் அதைத் தலைகீழாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். உள்ளே பூஞ்சை, சிலந்தி குடும்பத்தோடு குடியேறி வலை பின்னியதுபோல் படர்ந்திருந்தது. மடங்கு மாற்றுகிற வளையம் பாதி வழியில் இறுகிப்போயிருந்தது.

கடையில் இதற்கென்றே ஒரு அட்டைப்பெட்டி உண்டு. இரண்டு பக்கமும் முக்கோணமாக வெட்டிய பெட்டி. அந்த வெட்டில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி மெல்ல உருட்டுவார். உள்ளே இருக்கிற குறுக்குக் கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தங்க வளையக்காரனை உருட்டியபோது அந்தக் கோடு, குடித்துவிட்டு வந்தவன் தன் வீட்டைத் தேடுவதுபோல் தொட்டியைச் சுற்றி வந்தது. பக்கத்தில் இருக்கிற குமிழைத் திருகினால் ஒரு தரம் நகர்ந்தது, மறுதரம் யோசித்தது.

இரண்டாவதன் குழாயில் ஒரு பள்ளம். துப்பாக்கியில் மாட்டுகிற வளையத்தை யாரோ முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். குறுக்குக் கோட்டில் பாதியைக் காணோம்.

மூன்றாவதை அவர் ஏனோதானோ என்றுதான் எடுத்தார். மெலிந்த இரும்புக் குழாய், நீலம் கலந்த கறுப்பு. அலங்காரம் எதுவும் இல்லை. நாலு மடங்கு, அவ்வளவுதான். கண் வைக்கிற பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஜப்பான் என்று வெட்டியிருந்தது. அதன் பக்கத்தில், ஏற்றுமதிக்கு முன்னால் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஒட்டுகிற முட்டை வடிவத்தில் சின்னஞ்சிறு தங்க நிறச் சீட்டு. உரியவில்லை, கிழியவில்லை. லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் ஊதா நிறப் பூச்சு நகப்பூச்சு மாதிரி வழவழவென்று மின்னியது. பூஞ்சை இல்லை. மங்கல் இல்லை. குழாயில் வளையம் பதிந்த தடம்கூட இல்லை. அப்படியென்றால் இது எந்தத் துப்பாக்கியிலும் ஏறியதே இல்லை.

அட்டைப்பெட்டியில் வைத்து உருட்டினார். குறுக்குக் கோடு தண்ணீர்த் தொட்டியின் ஆணி மேல் போய் உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை. குமிழைத் திருகினார். டிக் டிக் டிக். திருப்பித் திருகினார். டிக் டிக் டிக். பழையபடி அதே ஆணி. அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கோடு ஆணியை விட்டு அசையவில்லை. எத்தனை வருஷமாக இதைத் தேடிக்கொண்டிருந்தார்!

"எப்படி அத்தான்?" என்றான் மைத்துனன்.

அந்த இடத்தில்தான் பூதத்தின் புத்தி பிசகியது. நல்லது என்று சொன்னால் இவன் ஏலத்துக்குக் கொண்டுபோவான். விலைக்குக் கேட்கலாமென்றால் மனைவியின் தம்பியிடம் பேரம் பேசவேண்டும். அதற்குப் பதில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"இது..." என்று தொண்டையைச் செருமினார். "இது குருடு மச்சான். நாலு மடங்குதான். எதிர்வீடே தெரியாது. அந்தத் தங்க வளையம் இருக்கு பாரு, அதான் ராஜா! ஒரு ஃபிரிட்ஜ் விலை போகும். பள்ளம் விழுந்தது மந்திரி. அதுக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டி விலை குடுப்பாங்க. இந்தக் குருடு ஒரு ஜோடி செருப்பு விலைகூடப் பெறாது. வேணும்னா இங்க போட்டுட்டுப் போ. ஸ்பேர் பார்ட்ஸுக்காவது ஆகட்டும்."

இடது பக்கத்திலிருந்து அவர் மனைவி ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க காது ஏன் செவந்திருக்கு?"

"புழுக்கம்."

"ஃபேன் உங்க தலைக்கு மேலதானே ஓடுது?"

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஃபிரேமை எடுத்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மைத்துனனோ கண் கலங்கிப்போய் நின்றான். "அத்தான், உங்க நல்ல மனசு யாருக்கு வரும்? நல்லதையெல்லாம் எனக்குச் சொல்லிட்டு, குப்பைய நீங்க வெச்சுக்கறேன்றீங்களே! விடுவேனா நான்? மந்திரி உங்களுக்கு. மறுக்கக்கூடாது. ராஜாவ நான் துப்பாக்கி கிளப் செயலாளர்கிட்ட தள்ளிடறேன். இந்தக் குருட்ட அப்பாகிட்ட குடுத்துடறேன். அவரு பால்கனியில சும்மாதானே உக்காந்திருக்காரு."

"வேணாம்! மாமாவுக்கு எதுக்குப் பாவம்..."

"கிடக்கட்டும் அத்தான். ஒரு ஜோடி செருப்பு விலைகூட இல்லேன்னுட்டீங்களே."

பூதம் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். பள்ளம் விழுந்த மந்திரியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அதை அவர் மனைவி வீட்டு வரவேற்பறை அலமாரியில், நட்டநடுவில் வைத்தாள். "தம்பி ஆசையாக் குடுத்தது. தினமும் பாருங்க" என்றாள்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல்தான் திரிகிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வேலை முடிந்தபிறகு அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மகன் வீட்டு மூன்றாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து தெருவை முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கல், மறு கண் நன்றாக இருந்தது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஸ்கோப் அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் ஆகிவிட்டது.

முதல் நாளே அவர் மருமகனுக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை! இந்தக் குருட்டுக் கண்ணாடி என்னமா காட்டுது! முக்குல பேப்பர் விக்கறானே, அவன் பேப்பருல கட்டம் போட்ட செய்தியே தெரியுது!"

"அப்படியா மாமா?" என்றார் பூதம், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு.

"செவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் தினமும் ஆபீசுக்கு லேட்டு. இன்னைக்குச் சட்டையில பொத்தான் வேற மாறிப் போட்டிருக்கான்."

ஒரே ஒரு குறை, அவருக்குக் கை நடுங்கியது. பிடித்துப் பார்க்க முடியவில்லை. பாசக்கார மகன் சும்மா இருப்பானா? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற இரண்டு கிளிப்பை வாங்கி வந்து, ஸ்கோப்பைக் கைத்தடியின் மேல் வைத்து முறுக்கிவிட்டான். தடியின் நுனியைப் பால்கனிக் கம்பியில் சாய்த்து, கைப்பிடியைத் தோளில் அணைத்துக்கொண்டு, மாமனார் ஒரு கண்ணை மூடித் தெருவை அளக்க ஆரம்பித்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகனுக்கும் தோன்றவில்லை.

எதிர்க்கட்டடத்தில் ஒரு பல் மருத்துவமனை. நாற்காலியைச் சன்னலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நோயாளிகள் ஆகாயத்தைப் பார்த்தால் மனசு அமைதியாகும் என்று மருத்துவருக்கு எண்ணம். சில வாரம் கழித்து ஒரு நாள் அந்த நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். வாய் நிறையப் பஞ்சு. ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு சற்றுக் கீழே பார்த்தார். எதிர்ப் பால்கனியில் ஒரு கிழவர் தன் நெற்றிக்கு நேரே குறி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆ! ஆ! ஆ!" என்றார் பேக்கரிக்காரர்.

"வலிக்குதா? இதோ, ஆச்சு" என்றார் மருத்துவர்.

"ஆக்கி! ஆக்கி!"

"அசையாதீங்க. நீங்க அசைஞ்சா எனக்குத்தான் கஷ்டம்."

பல் வந்ததும் பேக்கரிக்காரர் கழுத்துத் துணியோடு எழுந்து ஓடினார். மூச்சிரைக்கக் காவல் நிலையத்துக்குள் நுழைந்து, பஞ்சு வாயோடு, "துப்... துப்... துப்பா..." என்றார்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் முகம் சுளித்தார். "துப்பணும்னா வெளிய போய்த் துப்புங்க. இப்பத்தான் தரை கழுவினோம்."

"துப்பா... க்கி!"

"வாயில ரத்தம் வேற! அந்த வாளி பக்கமாப் போங்க."

கடைசியில் அவர் பஞ்சைத் துப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்து ஜீப், விசில், படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். மாமனார் கதவைத் திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "உங்க அடையாள அட்டைய மொதல்ல காட்டுங்க" என்பதுதான். பழக்கதோஷம்.

செய்தி வந்தபோது பூதம் ஒரு பைனாகுலரைப் பிரித்துப் போட்டிருந்தார். அவரும் மனைவியும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். காவல் நிலையத்தில் மைத்துனன் வியர்த்து நனைந்து நின்றான். மாமனார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேடம் மேசைமேல் கைத்தடியை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் இதுக்கெல்லாம் நிபுணர்னு உங்க மாமனார் சொல்றாரு. இது என்ன சாமான்? சொல்லுங்க."

"வெறும் கண்ணாடி மேடம். சுடாது."

"சுடாதுன்னு எனக்கும் தெரியுது. தடிதானே. விலை ஒசந்ததா?"

மைத்துனன் அவரைப் பார்த்தான். மனைவி பார்த்தாள். பூதம் தடியைப் பார்க்காமல் சொன்னார். "இல்ல மேடம். பொம்மை மாதிரிதான்."

"பொம்மைதானா? அப்போ பெரியவருக்கு எச்சரிக்கை குடுத்து அனுப்பிடறேன். இதை இங்கயே ஒடச்சுப் போட்டுடலாம், தெருவுல எல்லாரும் பயந்து போயிருக்காங்க. சரிதானே?"

சரி என்று தலையாட்டினால் பொருள் போச்சு. இல்லை என்றால் மானம் போச்சு. தலையை மேலும் கீழுமாக ஆட்டுவதா, பக்கவாட்டில் ஆட்டுவதா என்று தீர்மானிக்க முடியாமல் வட்டமாக ஆட்டினார்.

அதற்குள் கான்ஸ்டபிளுக்கு ஒரு ஆசை. உடைப்பதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடுவோமே என்று தடியைக் கையில் எடுத்தார். லென்ஸில் விரல் ரேகை. 'ஹா' என்று ஊதினார். மேசைக்கு அடியிலிருந்து, பூட்ஸ் துடைக்கிற முரட்டுத் துணியை எடுத்தார்.

அடுத்து நடந்தது என்னவென்று பூதத்துக்கே சரியாக நினைவில்லை. பார்த்தவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற அந்த மனிதர் மேசைமேல் தாவினார். மைக்கூடு, தொப்பி, தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் தாண்டிக் கான்ஸ்டபிளின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார்.

"தொடாதே! அந்தத் துணியக் கீழ போடு! அது மேல இருக்கிற பூச்சு என்னன்னு தெரியுமா உனக்கு? இத்தனை வருஷமா ஒரு கீறல் விழாம இருக்கு! இந்த மாதிரி நாலு மடங்கு இனிமே எவனும் பண்ணமாட்டான்! அந்தச் சீட்டப் பாரு, உரியவே இல்ல! கோடு நகர்றதா பாரு! ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்! ஐயோ, குழாய்க் கிளிப்ப வேற போட்டு முறுக்கியிருக்கானே படுபாவி! என் கண்ணே, உனக்கு வலிக்குதா?"

கடைசி வாக்கியம் கான்ஸ்டபிளிடம் சொன்னதல்ல.

கவிழ்ந்த தேநீர் மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. பூதம் மெல்லக் கீழே இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்தான்," என்றான் மைத்துனன், "குருடுன்னு சொன்னீங்களே?"

"காது செவந்தப்பவே எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. "எவ்வளவு தூரம் போறாருன்னுதான் பாத்துட்டிருந்தேன். மேசை மேல ஏறுவாருன்னு நெனைக்கல."

"அப்போ என் ராஜா?"

"பூஞ்சைக்காடு மச்சான்" என்றார் பூதம் தரையைப் பார்த்தபடி. "கோடு ஊர் சுத்தும்."

"நான் அத வித்துட்டேனே! நீங்க சொன்னீங்கன்னு சொல்லி வித்தேனே!"

பெஞ்சிலிருந்து மாமனார் எழுந்தார். மாப்பிள்ளையை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தேடிய அந்த ஆசாமி, டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவன், கடைசியில் தன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான் என்கிற திருப்தி அவர் முகத்தில் படர்ந்தது. திட்டவில்லை. "அப்பிடி வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பூதத்துக்கு.

இந்த ரகளைக்கு நடுவில் இன்ஸ்பெக்டர் மேடம் தடியைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போய்விட்டிருந்தார். ஒரு கண்ணை மூடினார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"டிரைவர் தூங்கறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மீசையில ஈ உக்காந்திருக்கு" என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு தெளிவு!" என்றார். இதை உடைக்கச் சொன்னது யார் என்று கான்ஸ்டபிளை அவர் கடிந்துகொண்டபோது, கான்ஸ்டபிள் தேநீரைத் துடைத்தார், அதே முரட்டுத் துணியால்.

ஸ்கோப் தப்பித்தது. இனிமேல் கைத்தடியில் மாட்டக்கூடாது, பால்கனிக் கம்பியில் சாய்க்கக்கூடாது, பேக்கரிக்காரரிடம் பெரியவர் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது. மாமனார் போய் வருத்தம் தெரிவித்தார். வருகிறபோது, கடையில் எடைத் தராசு சற்றே சாய்ந்திருப்பதையும் சுட்டிக்காட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் பூதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளப் செயலாளரைத் தேடிப் போனார். கூடவே மைத்துனன், சாட்சிக்கு. செயலாளர் நல்ல வாட்டசாட்டமான ஆள். வரவேற்பறையில் கண்ணைப் பறிக்கிற ஒரு வெள்ளிக் கோப்பை.

"சார், அந்தத் தங்க வளைய ஸ்கோப்... நான் சொன்ன மதிப்பு தப்பு. திருப்பி எடுத்துக்கறோம்."

"தப்பா? எனக்குத் தெரியாதா என்ன? போட்டியில நான் சுட்டது ஒண்ணுகூட என் பலகையில விழல. எல்லாம் பக்கத்துப் பலகையில, அதுவும் நடுப்புள்ளியில! பக்கத்துல சுட்டது யாரு தெரியுமா? என் சம்சாரம். எது யாரு குண்டுன்னு பிரிக்க முடியாம, நல்லதையெல்லாம் அவ கணக்குல போட்டு, கோப்பைய அவகிட்ட குடுத்துட்டாங்க."

"ஐயையோ, மன்னிச்சிடுங்க சார்."

செயலாளர் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என்ன மன்னிப்பு? கல்யாணம் ஆன நாள்லருந்து இவ்வளவு நிம்மதியா இந்த வீட்டுல நான் சாப்பிட்டதில்ல. அந்த ஸ்கோப்ப யாரு கேட்டாலும் தரமாட்டேன். அடுத்த வருஷமும் அதாலதான் சுடப்போறேன். பூஞ்சையத் துடைக்கிறேன், சரி பண்றேன்னு இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

இரண்டு பேரும் வெளியே வந்து தெருமுனை வரை நடந்தார்கள். பிறகு மைத்துனன்தான் முதலில் சிரித்தான். அவன் சிரித்தால் தோள் குலுங்கும். பூதமும் சிரித்தார். சிரித்து முடித்தபின், "அந்த நாலு மடங்கு வேணும்னு என்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா, நான் சும்மாவே குடுத்திருப்பேனே அத்தான்" என்றான் மைத்துனன். அது உண்மை என்று பூதத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது.

"இப்போ கேட்டா?"

"இப்போ அது அப்பாது. அவருகிட்ட கேளுங்க."

கேட்டார். மாமனார் தரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். பூதம் அதற்காக மரத்தில் ஒரு தாங்கி செய்து கொண்டுபோனார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் துப்பாக்கி மாதிரித் தெரியாத வகையில், பூச்சட்டி வைக்கிற முக்காலிபோல. உள்பக்கம் மெத்தைக் கடையிலிருந்து வந்த பஞ்சு. குழாய்க் கிளிப்பு போட்ட இடத்தில் இரண்டு மெல்லிய தடம் விழுந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து, சந்தைக்குப் போனால் இனிமேல் இதன் மதிப்பு பாதிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வினோதமாக, அதில் அவருக்கு வருத்தம் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. பூதம் குனிந்து கண்ணை வைத்தார். தெருக்கோடியில் போக்குவரத்து விளக்கின் மேல் ஒரு புறா கூடு கட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு கம்பித் துண்டைச் செருகப் பார்த்தது. நழுவியது. மறுபடி செருகியது. அதன் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி ஓடின.

"போதும் மாப்பிள்ளை, நகருங்க. என் முறை."

"ஒரு நிமிஷம் மாமா. கம்பி நிக்குதான்னு பாத்துடறேன்."

"நிக்காது. மூணு நாளா அதே கம்பியத்தான் கொண்டு வருது."

"இல்ல மாமா, இந்தத் தடவ நிக்கும் போல இருக்கு."

"காட்டுங்க, காட்டுங்க" என்று மாமனார் தோளால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, நல்ல கண்ணை வைத்தார்.